பாக்கெட் வைத்த கில்ட்டும் பாரம்பரியக் காவலர்களும்

பக்கவாட்டில் பெரிய பாக்கெட், இடுப்பில் உலோகப் பொத்தான், முரட்டுப் பருத்தித் துணி. இப்படித் தைத்த புது மாதிரிக் கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் அணியும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை) கட்டிக்கொண்டு ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனத்துக்கு வரலாமா கூடாதா என்று எடின்பரோவில் எங்கள் நடன வட்டத்தில் மறுபடியும் புகைய ஆரம்பித்திருக்கிறது. தாராளமாக வரலாம் என்பது என் கட்சி. ஆனால் வரக்கூடாது என்பவர்கள் சொல்லும் காரணமும் எனக்குப் பிடிக்கவில்லை, வரலாம் என்பவர்கள் சொல்லும் காரணமும் பிடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த நடனத்தைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. இது மேடையில் ஒருவர் ஆட மற்றவர்கள் பார்ப்பது அல்ல. பெரும்பாலும் நான்கு ஜோடிகள் எதிரெதிர் வரிசையில் நின்று, கைகோத்து, சுற்றி, இடம் மாறி ஆடுவது. அக்கார்டியனும் ஃபிடிலும் வாசிக்க, வேகமான ரீல், துள்ளலான ஜிக், நிதானமான ஸ்ட்ராத்ஸ்பே என்று மாறி மாறி வரும். ஓர் ஆள் தடுமாறினால் எட்டுப் பேரும் தடுமாறுவார்கள். உடை விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

முதலில் பாரம்பரியக் காவலர்களுக்கு. போன குளிர்காலத்தில் ஒரு நடன மாலையில் கறுப்புப் பருத்திக் கில்ட்டில் வந்த இளைஞனிடம் ஒரு மூத்தவர், "இந்த நடனம் பிறந்த காலத்து மரியாதை உனக்குத் தெரியவில்லை" என்றார். சரி, அந்தக் காலத்துக்கே போவோம். எடின்பரோவில் நடனக் கூடங்கள் 1723 முதல் நடந்தன. கன்ட்ரி நடனம் செழித்தது அந்த நூற்றாண்டில்தான். ஹைலேண்ட் எனப்படும் வடக்கு மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர்களை அரசுப் படை தோற்கடித்த கல்லோடன் போருக்குப் பின் வந்த 1746ஆம் ஆண்டுச் சட்டம், படையில் இருப்பவர்களைத் தவிர மற்ற ஆண்கள் ஸ்காட்லாந்தில் கில்ட் உள்ளிட்ட ஹைலேண்ட் உடை அணிவதைத் தடை செய்தது. 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆக, இந்த நடனம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கில்ட் கட்டி ஆடுவது குற்றம்! அன்றைய கனவான்கள் கோட்டும் முழங்கால் வரையிலான கால்சட்டையும் போட்டுத்தான் ஆடினார்கள். கில்ட்டுக்குப் பெரும் மவுசு வந்தது 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது. ஏற்பாடு எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுடையது. மன்னர் கில்ட்டுக்குக் கீழே சதை நிறத்தில் கால்களை ஒட்டிய உடையும் போட்டுக்கொண்டார். இன்று அப்படி யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கில்ட்டும் ஒரே மாதிரி இருந்து வந்ததல்ல. முன்பு அது உடம்பு முழுவதும் சுற்றி வாரால் கட்டி, மீதியைத் தோளில் போடும் நீளத் துணி. இடுப்புக்குக் கீழே மட்டும் அணியும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. அதை உருவாக்கியவர் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று ஒரு கதை உண்டு. அதைக் கேட்டால் சண்டைக்கு வருபவர்களும் உண்டு. தைத்த கில்ட்டுகள் தொடக்கத்தில் 4 கெஜம் அளவுதான் இருந்தன. இன்று 'அசல்' என்று கொண்டாடப்படும் 8 கெஜக் கில்ட் அதற்குப் பின்னால் வந்தது. நம் ஊரில் வெல்க்ரோ ஒட்டிய, பாக்கெட் வைத்த வேட்டியைப் பார்த்து முகம் சுளித்த பெரியவர்களே இன்று கல்யாண வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு பந்தியை மேற்பார்வை பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1940இல் பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட, பிரிட்டிஷ் படையின் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷன் வீரர்கள் கைதி முகாமில் ஒரு ரீலை உருவாக்கினார்கள். இன்றும் அதை ஆசையாக ஆடுகிறோம். அங்கே அவர்களுக்கு யாரும் சம்பிரதாய உடை தைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி புதுமை விரும்பிகளுக்கு. "வசதியாக இருக்கிறது" என்கிறீர்களே, நடக்க வசதியா, ஆட வசதியா? கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணியில், பின்பக்கம் நெருக்கமாக மடித்துத் தைத்த கில்ட்டைக் கவனித்துப் பாருங்கள். பா த பாஸ்க் என்ற துள்ளல் அடி வைக்கும்போது மடிப்புகள் இடமும் வலமும் ஊசலாடி, அடுத்த தாளத்துக்குள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்து விழும். வேகமாகச் சுழன்றால் விரியும், நின்றதும் மூடிக்கொள்ளும். ஸ்ட்ராத்ஸ்பேயில் அந்த அசைவுதான் பாதி அழகு. மலிவான முரட்டுப் பருத்தியில் இது நடக்காது. விரிந்த மடிப்பு விரிந்தபடியே நிற்கும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கும், துவைத்தால் ஒவ்வொரு மடிப்பாக இஸ்திரி போட வேண்டும். சியாட்டிலில் 2000இல் தொடங்கிய யுட்டிலிகில்ட்ஸ் போன்றவை வேலைக்கும் வெளியில் சுற்றுவதற்கும் யோசித்துத் தைக்கப்பட்டவை. நடனம் அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதே சமயம், எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி 1990களில் ஆரம்பித்த புதுப்பாணிக் கில்ட்டுகளில் ட்வீட், டெனிம் எல்லாம் உண்டு. துணி புதிதாக இருந்தாலும் மடிப்பை ஒழுங்காகத் தைத்தால் கில்ட் ஆடும். நவீனமா பழையதா என்பதைவிட இதுதான் என் அளவுகோல்.

கம்பளிக் கில்ட்டிலும் குறை இல்லாமல் இல்லை. ரேடியேட்டர் ஓடும் கூடத்தில் நான்கு ரீல் ஆடி முடித்தால் இடுப்பைச் சுற்றிய கம்பளி வேகவைத்துவிடும். கையால் தைத்தது பல நூறு பவுண்ட். மாணவர்கள் எங்கே போவார்கள்? முன்னால் தொங்கும் ஸ்போரன் பை ஒவ்வொரு குதிப்புக்கும் அடிக்கிற அடி, ஆண்களுக்குப் புரியும். அதனால்தான் பலர் அதை இடுப்பின் பக்கமாகத் தள்ளிவிட்டோ கழற்றி வைத்துவிட்டோ ஆடுகிறார்கள். பாக்கெட் கில்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலியஸ்டர் விஸ்கோஸில் வரும் மலிவுக் கில்ட்டுகள் இலேசானவை, இயந்திரத்தில் துவைக்கலாம், மடிப்பும் ஓரளவு நிற்கும். தொடக்கக்காரர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஆண்கள் குறைவு என்பதால் பெண்கள் பலர் ஆண் வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அவர்களில் சிலர் புது மாதிரிக் கில்ட்டில் வருகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கண்டிப்பெல்லாம் ஆண்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் பதில் வராது.

உண்மையில் சண்டை போட வேண்டியது கில்ட்டோடு அல்ல, அதோடு சேர்ந்து வரும் பூட்ஸோடு. நாங்கள் ஆடுவது கில்லி எனப்படும், நாடா கட்டிய மெல்லிய தோல் காலணியில். பக்கத்து ஆளின் தடித்த பூட்ஸ் ஒரு தடவை மிதித்தால் அன்றைய மாலை முடிந்தது. அடுத்தது பாக்கெட்டில் கிடக்கும் சாவிக்கொத்தும் கைப்பேசியும். சுழலும்போது அவை பக்கத்தில் இருப்பவர் கையில் இடிக்கின்றன. தொங்கும் சங்கிலி, துருத்திய கொக்கி ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள்; பெண்களின் மெல்லிய உடைகள் மாட்டிக் கிழிகின்றன.

நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள் நடனத்துக்கான அழைப்பிதழ் தயாராகிக்கொண்டிருக்கிறது. உடைக் குறிப்பில் டார்டன் (கட்டம் போட்ட ஸ்காட்டிஷ் துணி), கம்பளி என்று எதுவும் எழுத வேண்டாம், "மெல்லிய காலணி, காலிப் பாக்கெட்" என்று மட்டும் போடுங்கள் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.