மிக்சியும் குண்டும்

நேத்து அக்காகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். "மிக்சி குண்டு வெடிச்ச மாதிரி சத்தம் போடுது"ன்னு சொல்ல வந்தவன், 'குண்டு'வைப் பாதியில முழுங்கிட்டு 'பட்டாசு'ன்னு மாத்திக்கிட்டேன். என் மிக்சிக் கதையை எவன் உட்கார்ந்து கேட்கப் போறான்? யாரும் கேட்கலைதான். ஆனா நாக்கு தானா பம்முதே, அதான் எரிச்சல்.

2013-ல, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-வுக்கு வேலை பார்த்த ஸ்னோடன் அதோட ரகசியங்களைப் போட்டு உடைச்சப்போ என்ன தெரிஞ்சுது? ஒரு ரகசிய நீதிமன்ற உத்தரவு. வெரிசான்ங்கிற அமெரிக்க போன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களோட அழைப்பு விவரங்களைத் தினமும் என்எஸ்ஏ-கிட்ட கொடுக்கணும். "பேச்சைக் கேட்கல, யார் யாருக்கு, எப்போ, எவ்வளவு நேரம், அவ்வளவுதான்"னு சமாதானம் வேற. அவ்வளவுதானா? ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர், காலையில வக்கீல், அப்புறம் அம்மாகிட்ட ஒரு மணி நேரம். இதுக்கு மேல பேச்சைக் கேட்டு என்ன ஆகணும்? அந்த மாதிரி விவரத்தை வெச்சே ஆட்களைக் கொல்றோம்னு 2014-ல அதே அமைப்போட முன்னாள் தலைவர் ஹேடன் மேடையிலேயே சொன்னார். வாட்ஸ்அப் பூட்டு போட்டிருக்கு, சரி. உள்ளே இருக்கிறதுக்குத்தான் பூட்டு. கவர் மேல இருக்கிற விலாசத்துக்கு இல்ல.

"மறைக்க எதுவும் இல்லைன்னா என்ன பயம்?"னு மாமா கேட்கிறார். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் லேசா எட்டிப் பார்த்தா போனைச் சாய்ச்சுக்கிற அதே மாமாதான்.

அக்கா இன்னும் விடல: "பட்டாசா? மிக்சில எதுக்குடா பட்டாசு?"