1942 ஏப்ரல் கொழும்பு: ஸ்பிட்ஃபயர் அல்ல, ஹரிக்கேன்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது கொழும்பை அடுத்த ரத்மலானை விமானத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்கள் எழுந்து எதிர்த்தன, அதனால் அந்தச் சண்டையைச் சித்தரிக்கும் சிறு காட்சி மாதிரிக்கு ஸ்பிட்ஃபயரே பொருத்தம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நண்பர்களே, அன்று இலங்கையில் ஸ்பிட்ஃபயரே இல்லை. ரத்மலானையில் இருந்தது பிரிட்டிஷ் விமானப் படையின் 30ஆவது படையணியைச் சேர்ந்த ஹரிக்கேன் சண்டை விமானங்கள். மார்ச் மாதம்தான் இண்டோமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து வந்து இறங்கியிருந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி 258ஆவது படையணி பறந்தது, அதுவும் ஹரிக்கேன்தான். பிரிட்டிஷ் கடற்படையின் ஃபுல்மார் சண்டை விமானங்களும் சண்டையில் இறங்கின. ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்கள் இந்தியாவுக்கே 1943 பிற்பகுதியில்தான் வந்தன.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 (AIR 27) என்ற வரிசையில் படையணிகளின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன. 30, 258 ஆகிய எண்களோடு 1942 ஏப்ரல் மாதத்தைத் தேடுங்கள். அன்று பறந்தவர்களின் பெயருக்கு நேரே விமான வகையும் இருக்கும்.

பழைய புகைப்படம் கையில் இருந்தால் விமானி அறைக்குப் பின்னால் முதுகைக் கவனியுங்கள். ஹரிக்கேனுக்குக் கூன் விழுந்ததுபோல் மேடிட்டிருக்கும், பின்பகுதித் துணிப்போர்வையில் நீளவாக்கில் வரிகள் தெரியும். ஸ்பிட்ஃபயர் அங்கே வழவழப்பான உலோகம். அந்தக் காலை உயிரைக் கொடுத்த விமானிகள் பலர் ஹரிக்கேனில்தான் பறந்தார்கள். மாதிரியிலும் அதுவே நிற்கட்டும்.