ஃபிஷ்மேன்ஸில் தவிர்க்க வேண்டிய வருடங்கள் என்று எதுவும் இல்லை

ஃபிஷ்மேன்ஸ் என்கிற ஜப்பானிய இசைக்குழுவைப் பற்றி இரண்டு நாளாக எல்லார் முகநூல் சுவரிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியல் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'ஃபிஷ்மேன்ஸ் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு' என்று தலைப்பு. கூச்சூ கேம்ப், லாங் சீசன், உச்சூ நிப்பொன் செத்தகாயா என்கிற மூன்று ஆல்பங்கள், அப்புறம் அவர்களுடைய கடைசிக் கச்சேரிப் பதிவு. இவை நான்குக்கும் பச்சை. 1991 முதல் 1994 வரை வந்த நான்கு ஆல்பங்களுக்கும் சிவப்பில் பெருக்கல் குறி. 'இதெல்லாம் வெறும் ரெகே, நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று கீழே ஒரு வரி.

பகிர்ந்தவர்களில் பலர் நான் மதிக்கிறவர்கள். யாரையும் நட்பிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மனசு கஷ்டப்பட்டது உண்மை.

ரெகே ஜமைக்காவில் பிறந்த இசை. வெறும் ரெகே என்றால் என்ன அர்த்தம்? லாங் சீசன் 35 நிமிடம் ஒரே பாட்டாக ஓடுகிறது. அவ்வளவு நேரம் அதைத் தாங்கி நிற்பது எது என்று யோசித்திருக்கிறீர்களா? குழுவின் யுசுரு காஷிவாபாரா வாசிக்கும் பேஸ் கிடார். சலிக்காமல் சுற்றிச் சுற்றி வருகிற பேஸ். அந்தப் பொறுமையை அவர் 1996-ல் திடீரென்று ஒரு காலையில் எழுந்து கற்றுக்கொள்ளவில்லை. ரெகேயில் பாட்டை நடத்திக்கொண்டு போவதே பேஸ்தான். கிடார் தாளத்துக்கு இடையில் மட்டும் வெட்டி வெட்டி விழும். டிரம்ஸில் முதல் அடியைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவது அடியில் கனமாக இறக்குவார்கள். எங்கே வாசிக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். இந்தப் பாடத்தை அவர்கள் எட்டு ஒன்பது வருடம் படித்தார்கள். அப்படிப் படித்த வருடங்களுக்குத்தான் இப்போது பெருக்கல் குறி.

1987-ல் டோக்கியோவில், மெய்ஜி ககுயின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் ஆரம்பித்த குழு இது. பாட்டும் கிடாரும் ஷின்ஜி சாத்தோ, டிரம்ஸ் கின்-இச்சி மோத்தேகி, இன்னொரு கிடார் கென்ஸ்கே ஒஜிமா. பிறகு பேஸுக்குக் காஷிவாபாரா வந்தார், 1990-ல் கீபோர்டுக்கு ஹகாசே. முதல் ஆல்பம் சாப்பி டோன்ட் க்ரை 1991-ல் வந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் வரை போய்ப் பதிவு செய்தார்கள். தயாரித்தவர் கசுஃபுமி கொடாமா. ரெகேயிலிருந்து கிளைத்த டப் இசையை ஜப்பானில் ஊன்றியவர்களில் முக்கியமானவர்கள் ம்யூட் பீட் குழுவினர், அதில் டிரம்பெட் வாசித்தவர் இவர். அந்த இசையைத் தெரிந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பையன்கள் உள்ளே நுழைந்தார்கள். இதையா வெறும் ரெகே என்று ஒதுக்குவது?

1993-ல் நியோ யாங்கீஸ் ஹாலிடே. என்னைக் கேட்டால் எல்லாம் திரும்புகிற இடம் இதுதான். ஸாக் என்கிற ஒலிப்பொறியாளர் இவர்களோடு சேர்ந்து ஒலிக்கலவையையே ஒரு வாத்தியமாக ஆக்கினார். 1970-களில் ஜமைக்காவில் கிங் டப்பி போன்றவர்கள் செய்த வேலை அது. குரலை எடுத்துவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விடுவது, ஒரே ஒரு அடியை எதிரொலிக்குள் தள்ளி அதை மெல்லக் கரைய விடுவது. கூச்சூ கேம்பில் சாத்தோவின் குரல் காற்றில் மிதக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, அந்த மிதப்புக்கு அடித்தளம் போட்டது இந்த ஆல்பம். இதற்குத்தான் சிவப்பு. இகாரெத்தா பேபி என்கிற பாட்டு இருக்கிற ஆல்பத்துக்கு!

இன்னொன்று. பச்சை போட்டிருக்கிறீர்களே, 1998 டிசம்பர் 28 கச்சேரி. அதை முழுசாகக் கேட்டவர்தான் அந்தப் படத்தைச் செய்தாரா? அன்று அகாசாகா பிளிட்ஸ் அரங்கில் அவர்கள் என்ன வாசித்தார்கள் என்று பாருங்கள். ஹிகோகி இருக்கிறது, அது 1991-ல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள். கிங் மாஸ்டர் ஜார்ஜ் ஆல்பத்திலிருந்து நாந்தெத்தானோ இருக்கிறது, தயோரினாய் தென்ஷி இருக்கிறது. நியோ யாங்கீஸ் ஹாலிடேயிலிருந்து ஸ்மைலிங் டேஸ் சம்மர் ஹாலிடே இருக்கிறது. ஆரஞ்ச் ஆல்பத்தின் மெலடி இருக்கிறது. கடைசியில் 41 நிமிட லாங் சீசனுக்கு முன்னால் எது? இகாரெத்தா பேபி. நீங்கள் பெருக்கல் குறி போட்ட நான்கு ஆல்பத்திலிருந்தும் அந்த மேடைக்குப் பாட்டு வந்திருக்கிறது. எது தவிர்க்க வேண்டியது என்று அவர்களுக்கே தோன்றவில்லை. நமக்கு எப்படித் தோன்றியது?

'புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் கேட்க நேரம் இருக்காது' என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். லாங் சீசனிலிருந்தே தொடங்குங்கள், யார் வேண்டாம் என்றது? இங்கிருந்து தொடங்கு என்று கை காட்டுவது வேறு, அந்தப் பக்கம் போகாதே என்று கதவைச் சாத்துவது வேறு.

'கிங் மாஸ்டர் ஜார்ஜ் நீளம், அங்கங்கே அலைகிறது' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அலைகிறதுதான். பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. 'ஜப்பானிய மொழி உனக்குத் தெரியுமா, நீ என்ன பெரிய காவலாளியா' என்று கேட்டவருக்கு: தெரியாது. படம் செய்தவருக்கும் தெரியாது. காது இருவருக்கும் இருக்கிறது.

'ரசனை அவரவர் விருப்பம்' என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லித்தான் எல்லாப் பேச்சையும் முடித்துவைக்கிறோம்.

எனக்கு உண்மையில் வலிப்பது எது என்று சொல்லிவிடுகிறேன். ஒஜிமா 1994-ல் போய்விட்டார். அடுத்த வருடம் ஹகாசே போனார். மிஞ்சிய மூன்று பேர் பாலிடார் நிறுவனத்துக்கு மாறி, டோக்கியோவின் செத்தகாயா பகுதியில் தங்களுக்கென்று ஒரு ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, ஒரே வருடத்தில், 1996-ல், கூச்சூ கேம்பையும் லாங் சீசனையும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் உச்சூ நிப்பொன் செத்தகாயா. பெரிய சாதனை, நான் மறுக்கவில்லை. கூடச் சேர்ந்து வாசித்த ஹோன்ஸியின் வயலின் இல்லாமல் அந்தக் காலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் உங்கள் படத்தில் பச்சைக்குள் இருக்கும் எந்த ஆல்பத்திலும் ஒஜிமாவும் இல்லை, ஹகாசேயும் இல்லை. இரண்டு மனிதர்களின் இத்தனை வருட உழைப்பை ஒரு சிவப்புக் கோட்டில் அழித்தாயிற்று. படம் செய்தவர் அதை நினைத்திருக்க மாட்டார். நினைக்காததுதான் என் வருத்தம்.

என் அக்கா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. முப்பதைத் தாண்டி அதிக நாள் இல்லை. இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் சொந்தக்காரர்கள் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆஸ்பத்திரியில்தான் ஆரம்பிப்பார்கள். கடைசி மாதம் எப்படி இளைத்துப்போனாள், கடைசியாக என்ன சொன்னாள். அவள் மொட்டைமாடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுத்ததை யாரும் பேசுவதில்லை. அவள் சண்டைக்காரி, சத்தமாகச் சிரிப்பாள், கடன் வாங்கினால் திருப்பித் தரமாட்டாள். அம்மா மட்டும்தான் எப்போதாவது அதைச் சொல்லுவாள். மற்றவர்களுக்கு அக்கா என்றால் அந்தக் கட்டில்தான்.

ஷின்ஜி சாத்தோ 1999 மார்ச் 15 அன்று இறந்தார். வயது 33. அந்தக் கச்சேரி முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதனால் இப்போது எல்லாரும் அந்தக் கச்சேரியைச் சாவுக்கு முந்தைய விடைபெறலாகக் கேட்கிறார்கள். அன்று விடைபெற்றவர் காஷிவாபாரா. அவர் குழுவை விட்டுப் போகிறார் என்பதற்காக நடத்திய சுற்றுப்பயணம் அது. சாத்தோ சாகப்போகிறார் என்று அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. அரங்கில் இருந்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் கேட்டது உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் பாட்டை. அந்த மாதம்தான் யுராமேகி இன் தி ஏர் என்று பதிமூன்று நிமிடப் புதுப் பாட்டை வெளியிட்டிருந்தார். அடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்த ஆள் அவர்.

சோகம் பிடித்தவர்களுக்குக் கடைசி மூன்று வருடம் வசதியாக இருக்கிறது. அதில் தனிமை இருக்கிறது, இரவு இருக்கிறது, முடிவும் நமக்குத் தெரியும். ஆனால் சாப்பி டோன்ட் க்ரை ஆல்பத்தில் ஒரு பையன் இருக்கிறான். குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், சுருதி இங்கே அங்கே நழுவும், வெயிலும் விடுமுறையும் நண்பர்களும்தான் அவன் உலகம். அந்தப் பையனைத் தெரிந்துகொள்ளாமல் லாங் சீசனில் பாடுகிறவனை எப்படித் தெரியும்? தெரிந்த மாதிரி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

மோத்தேகியைப் பாருங்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தவர். டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்கிற இன்னொரு குழுவில் சேர்ந்தார், அவர்களோடு உலகம் சுற்றினார், ஆனாலும் ஃபிஷ்மேன்ஸ் என்கிற பெயரைக் கீழே வைக்கவில்லை. 2005-ல் ஹொக்கைடோவில் ரைசிங் சன் விழாவில் வேறு வேறு பாடகர்களை வைத்து அந்தப் பாட்டுகளை மறுபடி மேடையேற்றினார். குழு உயிரோடு இருந்தபோது அவர்களுக்குப் பெரிய ஹிட் என்று எதுவும் இல்லை. இன்றைக்கு உலகம் முழுக்க இளம்பிள்ளைகள் இணையத்தில் கண்டுபிடித்து உச்சத்தில் வைக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். தாமதமாக வந்தவர்கள் என்று யாரையும் குறை சொல்லவில்லை, நானும் சாத்தோ இருந்த காலத்தில் கேட்டவன் இல்லை. வந்தவர்கள் வீட்டில் பாதி அறைகளைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

'அப்படியானால் நீயே ஒரு படம் போடு' என்று மறுமொழியில் வரும், தெரியும். போட மாட்டேன். யாருக்காவது அந்த நான்கு ஆல்பங்களையும் கேட்டுப் பார்க்கத் தோன்றினால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஹிகோகியில் ஆரம்பித்து வரிசையாக அனுப்புகிறேன். பிடிக்கவில்லை என்றாலும் வந்து சொல்லுங்கள், பேசலாம்.