தேவைக்கு மட்டும் ஏன் ஒற்றை எண்?

வருங்காலத் தண்ணீர் நிலைமையைக் கணிக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. நீர்வரத்தைக் கணிக்கப் பல பருவநிலை மாதிரிகளை (கணினியில் செய்யும் கணக்கீடுகளை) ஓட்டி, அவற்றின் பிழைகளைத் திருத்தி, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரு எல்லைகளைத் தருகிறார்கள். தேவை என்று வந்துவிட்டால், மக்கள்தொகையை ஆளுக்கு இத்தனை லிட்டரால் பெருக்கி ஒற்றை எண்ணை எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வரத்துக்கு அந்தக் கவனம் வேண்டியதுதான். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்து, 700 ஆவியாகி, 300 ஆற்றுக்கு வரும் ஒரு படுகையை எடுத்துக்கொள்வோம். மழை 900 ஆகக் குறைகிறது. மண் காய்வதால் ஆவியாவதும் 680இல் நிற்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஆற்றுக்கு மிஞ்சுவது 220தான். மழையில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஆறு கால் பங்குக்கு மேல் இழக்கிறது. 1922இல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டவர்கள், அதற்கு முந்தைய செழிப்பான ஆண்டுகளின் அளவை நம்பி, ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்துக் காகிதத்தில் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஆனால் தேவையும் நேர்கோட்டில் போவதில்லை. அமெரிக்காவில் மொத்த நீர் எடுப்பு 1980ஐ ஒட்டி உச்சம் தொட்டது; மக்கள்தொகை பெருகிய பிறகும் 2015இல் அது 1970ஆம் ஆண்டு அளவுக்கும் கீழே இருந்தது. அனல்மின் நிலையங்கள் குளிர்விக்கும் முறையை மாற்றிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். 2018இல் குழாய்களில் நீர் நிறுத்தப்படும் நாளை எதிர்நோக்கியிருந்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே தன் நுகர்வை ஏறக்குறையப் பாதியாக்கியது. தட்டுப்பாடே தேவையை மாற்றிவிடுகிறது என்றால், இரண்டையும் தனித்தனியே கணித்துக் கடைசியில் கழித்துப் பார்ப்பதில் என்ன பொருள்?

எதிர்த்திசையிலும் இது நடக்கும்: சேமிக்கும் முயற்சியே தேவையைக் கூட்டிவிடலாம். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. சொட்டுநீர் போட்டால் வயலுக்கு விடும் நீர் குறையும், உண்மைதான். ஆனால் முன்பு வயலிலிருந்து கசிந்து பக்கத்துக் கிணற்றுக்குப் போனதும் சேர்ந்தே நின்றுவிடுகிறது, மிச்சமான நீரில் விவசாயி இன்னொரு ஏக்கர் பயிரிடுகிறார். எடுத்த நீரையும் திரும்பி வராமல் உண்மையில் செலவான நீரையும் பிரித்துப் பார்க்காத கணிப்பு மாதிரி இதைச் சேமிப்பு என்றே பதிவு செய்யும்.

என்னைக் கேட்டால், பருவநிலை மாதிரிகளுக்கு இன்னும் துல்லியம் சேர்ப்பதைவிட, கிணறுகளுக்கு மீட்டர் வைப்பதுதான் கணிப்பை அதிகம் திருத்தும். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், ஈர்ப்பு விசையின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டே நிலத்தடி நீர் வற்றுவதை விண்ணிலிருந்து கண்டுபிடித்தன. கீழே மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை.