மரமா நிக்கிற பிள்ளைங்க கையில சுத்தியலைக் கொடுங்க

நம்ம பக்கத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் எப்படி நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நல்லாப் பேசுற நாலு பிள்ளை நடிக்கும். மிச்சப் பேரு மரம், சிப்பாய், கூட்டம். வசனத்தை முன்னாடியே பதிவு பண்ணி ஓடவிட்டு, மேடையில வாயை மட்டும் அசைக்கச் சொல்லிருவாங்க. விளக்கும் சத்தமும் ரேடியோ செட்டுக்காரர் பாடு. அவருக்குக் கதை தெரியாது, ராஜா சாகும்போது டிஸ்கோ லைட் சுத்தும்.

கலைத் திருவிழா வந்தபிறகு அரசுப் பள்ளியில நாடகத்துக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஆனா போட்டியாத்தான், பாடமா இல்லை. அமெரிக்காவுல பல உயர்நிலைப் பள்ளிகள்ல மேடைத் தொழில்நுட்பம் தனிப் பாடமாவே இருக்கு. இங்க ஒன்பதாம் வகுப்புல இருந்தே வாரம் ரெண்டு பீரியட் போதும். அதுல ஒண்ணு மேடைக்குப் பின்னால நடக்கிற வேலைக்கு.

முதல் வேலையா, காட்சி வரையத் துணி அடிச்ச ஒரு தட்டி செய்யச் சொல்லலாம். எட்டடி உயரம், நாலடி அகலம். 2×1 அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) 27 அடி வேணும்: மேலயும் கீழயும் நாலடிக் கட்டை ரெண்டு, நிலைக்கட்டை 7 அடி 8 அங்குலத்துல ரெண்டு, நடுவுல 3 அடி 8 அங்குலத்துல ஒண்ணு. அடிக்கட்டை முழு அகலத்துக்கும் ஓடணும், நிலைக்கட்டை அதுக்கு மேலதான் உக்காரணும். நிலைக்கட்டை நுனி தரையில பட்டுதுன்னா, தட்டியை இழுக்கிற இழுப்புல பிளந்துபோகும். மூலைக்கு ஒரு முக்கோண பிளைவுட். காடாத் துணியை விறைப்பா இழுத்து அடிக்காதீங்க. துணி மேல பூசுற மைதாப் பசை காயும்போது துணி சுருங்கி, சட்டத்தையே வில்லா வளைச்சிரும். லேசாத் தொய்வு விட்டு அடிச்சா, பசை காய்ஞ்சதும் அதுவே தப்பு மேளம் மாதிரி விண்ணுன்னு நிக்கும். பூச்சி அரிக்காம இருக்கப் பசையில மயில்துத்தம் கொஞ்சம் கலப்பாங்க. அது விஷம், வாத்தியார் கையாலதான் கலக்கணும்.

திறந்தவெளி மேடைன்னா முட்டுக்கட்டையும் மணல் மூட்டையும் இல்லாம தட்டியை நிறுத்தவே கூடாது. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்துக்கு எட்டடித் துணி கப்பல் பாய்தான்.

விளக்குல பெரிய தப்பு நேர் எதிர்லயோ தரையிலயோ வைக்கிறது. நேர் எதிர்ல வச்சா முகம் அப்பளம் மாதிரித் தட்டையாத் தெரியும். கீழ இருந்து அடிச்சா எல்லாரும் பேய். இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு, முகத்துக்கு 45 பாகைச் சாய்வுல வரணும். கணக்கு லேசு: ஆள்ல இருந்து பத்தடி தள்ளி விளக்கு நின்னா, முகத்துக்குப் பத்தடி மேல, அதாவது தரையில இருந்து பதினஞ்சடி. அடுத்தது கரண்டு. 1000 வாட் ஹாலஜன் ஒண்ணு 230 வோல்ட்டுல நாலரை ஆம்பியர் கிட்ட இழுக்கும். வகுப்பறையில இருக்கிற 6 ஆம்பியர் பிளக்குல ரெண்டைச் செருகினா கருகும். 16 ஆம்பியர்ல மூணு தாங்கும்னு கணக்கு சொல்லும், ரெண்டோட நிறுத்திக்கிடுங்க. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வச்சே ஓட்டினாலும் சூடேறி உருகும், முழுசா விரிச்சிடணும். மின்திறன் கணக்கு இதைவிட நல்லா எந்த வகுப்புல புரியும்?

மைக் கூவுறதுக்கு ஆபரேட்டரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்குப் பின்னால நின்னா கூவத்தான் செய்யும். மைக்கைத் தாண்டி, பார்க்கிறவங்க பக்கம் தள்ளி வைங்க. மைக் ஸ்டாண்டுக்கு அடியில சாக்கை மடிச்சுப் போட்டா, பலகை மேல நடக்கிற சத்தம் ஏறாது.

மரமா நின்ன பிள்ளையில ஒண்ணு குறிப்புத்தாளோட ஓரமா உக்காரணும். எந்த வசனத்துல எந்த விளக்கு, எந்தச் சத்தம், எல்லாம் அதுல இருக்கும். விளக்குப் போடுற பிள்ளைகிட்ட முந்தின வசனத்துலயே ‘தயார்’, சரியான சொல்லுல ‘போடு’ன்னு அது சொல்லணும். ‘தயார்’ சொல்லாம ‘போடு’ சொன்னா விளக்கு ரெண்டு நொடி பிந்தும், அந்த ரெண்டு நொடியில செத்த ராஜா எந்திரிச்சிருவார். இருட்டுல நாற்காலி வைக்கிற இடத்துக்கு வண்டியில ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. அது வெளிச்சம் பட்டாத்தான் திருப்பி அடிக்கும், இருட்டுல தானா ஒளிராது. வெளிச்சத்தைக் குடிச்சு வச்சு ஒளிர்ற டேப்புன்னு கேட்டு வாங்கணும்.

நடிப்புக்கு வருவோம். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில 1867ல பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், 1918ல மதுரையில சிறுவர்களை வச்சே ஒரு நாடக சபை நடத்தினார். இன்னைக்கு இருக்கிற மைக் எதுவும் இல்லாம அந்தப் பையன்க குரல் கடைசி வரிசைக்குப் போச்சு. நாம வாயசைக்கச் சொல்லிக் கொடுக்கோம்! மைதானத்துல இருபதடி தள்ளி நிறுத்தி, கத்தாம, வயித்துல இருந்து பேச வைங்க. ஒவ்வொரு வாக்கியத்துலயும் கடைசிச் சொல்தான் விழுங்கப்படும், அதைக் காது கொடுத்துக் கேளுங்க. கேட்டுப் பதில் சொல்றதுக்கு வில்லுப்பாட்டை விட நல்ல பயிற்சி இல்லை. முன்னால பாடுறவர் நிறுத்துற இடத்துல ‘ஆமா’ சரியா விழணும், அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் கதை செத்துரும். பேச்சையும் சினிமாத் தமிழுக்கு மாத்தாதீங்க. “எங்கன போறிய?”ன்னு கேக்கிற பிள்ளையை “எங்கே செல்கிறீர்கள்?”னு கேக்க வச்சா, கை ரெண்டும் விறைச்சுப் போய் ஒட்டிக்கிடும்.

ஜூன்ல ஆரம்பிச்சா குரலும் குறிப்புத்தாளும் முதல்ல, அறைக்குள்ளயே. காத்து அடங்கினதும் புரட்டாசியில தட்டி. ஐப்பசி மழை பிடிச்சதுக்கு அப்புறம் பெயிண்ட் அடிச்சா பொங்கல் வரைக்கும் பிசுபிசுன்னுதான் இருக்கும்.