கவுன்சிலிங்கில் ஏன் யாரும் அறிவுரை சொல்வதில்லை?

"போனேன், பணம் கட்டினேன், முழு நேரமும் நான்தான் பேசினேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை."

உளவியல் ஆலோசனைக்குப் போய்வந்தவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. முதல் சந்திப்போடு நிறுத்திக்கொண்டவர்கள் இதையே காரணமாகச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஆலோசகர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கக்கூடும். அது என்ன வேலை என்று வந்தவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமா என்ன? மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் போதும். "உனக்கென்ன குறைச்சல்?", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?", "எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்காதே." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு ஒன்று மட்டும்தான் புரிகிறது: இதை இனிமேல் இவரிடம் பேசக் கூடாது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதை 1940களிலேயே கவனித்தார். ஆலோசனைப் பேச்சுகளை இசைத்தட்டு போன்ற தட்டுகளில் ஒலிப்பதிவு செய்து, வரிக்கு வரி எழுதி ஆராய்ந்த முன்னோடி அவர். எந்த இடத்தில் வந்தவர் மனம் திறக்கிறார், எந்த இடத்தில் சட்டென்று மூடிக்கொள்கிறார் என்பதைப் பதிவை வைத்தே பார்க்க முடிந்தது. ஆலோசகர் வழிகாட்டக் கிளம்பும்போது வந்தவர் பின்வாங்குகிறார். அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்லும்போது இன்னும் ஒரு அடி உள்ளே போகிறார். 1957இல் ரோஜர்ஸ் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று மூன்றை வலியுறுத்தினார். எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கும் புரிதல், நிபந்தனை இல்லாத ஏற்பு, வேஷம் போடாத நேர்மை. படிக்கச் சுலபமாக இருக்கிறது. வீட்டில் ஒருவர் அழும்போது இரண்டு நிமிடம் குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நான் ஆலோசனைக்குப் போன காலத்தில் வேலையை விடுவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருந்தேன். அப்பா என்ன சொல்வார், அண்ணன் என்ன சொல்வான் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லி முடித்தேன். ஆலோசகர், "அவங்க ரெண்டு பேரும் என்ன நினைப்பாங்கன்னு தெளிவா சொல்லிட்டீங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்குப் பதில் வரவில்லை. அவரும் இடத்தை நிரப்ப எதையும் பேசவில்லை. அந்த மௌனம் நீண்டபோதுதான், என் முடிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எதிலும் நான் இல்லை என்பது எனக்கு உறைத்தது. இதை வேறு யாராவது வாயால் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சரி, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான் வேலையா என்றால் அதுவும் இல்லை. பிரச்சினைக்குத் தகுந்தபடி முறைகள் இருக்கின்றன. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களிடம் தன்னிச்சையாக ஓடும் எண்ணங்களைக் கவனித்து ஒரு சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார். இன்று சிபிடி என்று பலருக்கும் தெரிந்த, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

திடீர்ப் பதற்றம், அதாவது பேனிக் அட்டாக் வருகிறவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், செத்துவிடப்போகிறோம் என்று தோன்றும். மருத்துவர் பரிசோதித்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார், பயம் மட்டும் போகவில்லை. இந்த முறையில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உடல்நிலை இடம் கொடுத்தால், அறையிலேயே அவரை ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார். அதே படபடப்பு வரும், அதே தலைசுற்றல் வரும். "இப்போ என்ன ஆகும்னு பயப்படறீங்க?" "மயங்கி விழுந்துடுவேன்." இருவரும் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானாக அடங்கும். விழ மாட்டார். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பதற்றத்துக்கும் சாவுக்கும் மனம் போட்டு வைத்திருந்த முடிச்சு தளர ஆரம்பிக்கும். "பயப்படாதே" என்று நூறு பேர் சொல்லி நடக்காதது இங்கே நடப்பதற்குக் காரணம், அவர் உடம்பே அவருக்குச் சாட்சி சொல்வதுதான்.

"எல்லாம் பேச்சுதானே, இதனால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. துறைக்குள்ளேயே அந்தக் கேள்வி பலமாக எழுந்திருக்கிறது. உளசிகிச்சையால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1952இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் எழுதியதும் பெரிய விவாதமே மூண்டது. அப்புறம் 1977இல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி நபர், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்று வந்தது. எல்லோருக்கும் குணமாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. பலன் இல்லாமல் போனவர்களும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது யாருக்கும் நல்லதல்ல.

மாத்திரை தேவைப்படும் நிலைகளும் இருக்கின்றன. இல்லாத குரல்கள் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலேயே அளவுமீறிய உற்சாகத்தில் இருப்பது, சாப்பிடவோ எழுந்திருக்கவோ முடியாத அளவு சோர்வு, இதற்கெல்லாம் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நல்ல ஆலோசகர் தானே அவரிடம் அனுப்பிவைப்பார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவே கூடாது. அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள், அவசர உதவியைத் தேடுங்கள்.

முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. உங்கள் படிப்பு, பயிற்சி என்ன? என் பிரச்சினையை எந்த முறையில் அணுகுவீர்கள்? நான் சொல்வது எந்தச் சூழலில் வெளியே போகும்? ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. ஆனால் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. இதையெல்லாம் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். முகம் சுளிக்காமல் விளக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எட்வர்ட் போர்டின் என்பவர் 1979இல் ஆலோசகருக்கும் வந்தவருக்கும் உள்ள கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் ஒத்த கருத்து, செய்ய வேண்டியதில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. இந்தக் கூட்டுறவு நன்றாக அமைந்தால் பலனும் கூடுகிறது என்று பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சில சந்திப்புகளுக்குப் பிறகும் எங்கே போகிறோம் என்று புரியவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லுங்கள். "ஏன் எனக்கு நேரடியாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதுவே நல்ல உரையாடலாக மாறுவதுண்டு. உங்கள் நம்பிக்கையையோ குடும்பத்தையோ கேலி செய்கிறார், தன் கதையையே பேசுகிறார், அந்தரங்கமாக நெருங்கப் பார்க்கிறார் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். தவறு உங்களுடையது இல்லை. வேறு ஆலோசகரிடம் போகலாம்.

துணைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ கணவரோ தம்பியோ அறையை விட்டு வெளியே வந்ததும், "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே? என்னைப் பத்திப் பேச்சு வந்துச்சா?" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்குத் தவிப்பு இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அடுத்த தடவை உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் வார்த்தைகளை வடிகட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை எப்போது வரச் சொன்னார்கள் என்று மட்டும் கேளுங்கள்.