சோபாவுக்குள் இருக்கும் டாலர்

புது வீட்டுக்குப் பொருள் வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் இப்போது ஒரே புலம்பல்தான். அதே கடை, அதே மாடல் இறக்குமதி சோபா, விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2025 டிசம்பரில் முதன்முறையாக 90ஐத் தாண்டியது. பர்னிச்சருக்கான சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது, 2020இல் 25 ஆனது. அப்புறம் செஸ் என்கிற கூடுதல் தீர்வை, அது இது என்று உருவம் மாறியதே தவிர, சுமை பெரிதாக இறங்கவில்லை. அன்று ஆயிரம் டாலருக்கு வந்து இறங்கிய சோபா வரியோடு 70,400 ரூபாய். இன்று 90 ரூபாய், 25 சதவீதம் என்று வைத்தால் 1,12,500. ஜிஎஸ்டி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல். வெளிநாட்டுக்காரன் ஒரு டாலர்கூட ஏற்றாமலே இவ்வளவு.

உடனே "அப்போ உள்ளூர்ப் பொருளே வாங்கிக்கலாம்" என்று கிளம்புகிறார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். நம்மூர் ஷோரூமில் "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று விற்கும் அலமாரியைத் திறந்து, கீலை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்ததாக இருக்கும், விலை கூடியதென்றால் ஜெர்மன் கம்பெனிப் பெயர் இருக்கும். டிராயர் ஓடும் சேனலும் அப்படியே. சோபாவின் நுரைக்கான ரசாயனத்தில் கணிசமான பங்கு கப்பலில் வருவது. தேக்கு? மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடியில் இறங்கும் தேக்கில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருவது. அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டதுதான் நம் ஆள். ஆக, டாலர் ஏறினால் "உள்ளூர்" அலமாரியும் ஏறும், கொஞ்சம் தாமதமாக.

அதனால் எங்கே செய்தது என்று கேட்பதைவிட, எதில் செய்தது, அது எங்கே விளைந்தது என்று கேட்பதுதான் காசை மிச்சப்படுத்தும் என்பேன்.

நம் பக்கம் விளைவது என்ன? கோரை, மூங்கில், வேம்பு, பூவரசு, பலா. பஞ்சு வடக்கிலிருந்து வந்தாலும் டாலர் கொடுத்து வாங்குவது குறைவு. தரைவிரிப்புக்குத் துருக்கி டிசைன் பாலியஸ்டரைத் தேடிப் போகிறவர்கள் பவானி ஜமக்காளத்தை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கனமே வேறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம், புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் வெளியூர் விசைத்தறியில் நெய்தது பவானி பெயரில் தாராளமாக விற்கிறது. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் பவானிக்கே போய் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். நம் வீட்டில் கல்யாணத்துக்கு மட்டும் விரித்து, மறுநாளே பரணில் ஏற்றிவிடுகிறோம். இதை ஹாலில் போட்டால் என்ன கௌரவக் குறைச்சல் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் பிளைண்ட்ஸ் வேண்டாம். கோரைப் பாயைச் சுருட்டி இறக்குகிற மாதிரி கட்டித் தருகிறார்கள், வெயிலும் மட்டுப்படும். மூங்கில், பிரம்பு நாற்காலிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. மர நாற்காலிக்கு இன்னும் 18.

திரை, படுக்கை விரிப்பு, மேஜைத் துணி என்றால் கரூர். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி வாங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே இறக்குமதி விலை ஏறியது, இங்கே தறி நின்றது. அந்த வரி அப்புறம் என்ன ஆனாலும், ஒரே நாட்டு ஆர்டரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அமெரிக்கக் கடை அலமாரிக்குப் போகிற தரத்தில் நெய்கிற ஊர் பக்கத்திலேயே இருக்க, நாம் ஆன்லைனில் சீனத் திரைச்சீலைக்கு ஆர்டர் போடுகிறோம்.

மரச்சாமானுக்கு என் ஓட்டு பழசுக்குத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கட்டில், பெட்டி, கண்ணாடி என்று வரிசையாகக் கடைகள். (அந்த வீடுகளே பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று இறக்குமதியால் எழுந்தவைதான். அந்த இறக்குமதிக்கு வரி கட்டி முடித்து நூறு வருஷம் ஆகிறது, நமக்குக் கவலையில்லை.) ஆனால் அங்கே இப்போது சுற்றுலாக்காரர் விலை. வீடு இடிக்கும் இடங்களில் கதவு, நிலை எடுக்கும் கடைகளில் இன்னும் நியாயமாகக் கிடைக்கும். வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடியில் சின்னச் சின்னத் துளையும் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்த மரம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கழுந்து வைத்து, அதாவது துளைக்குள் மர முனையைச் செருகிச் சேர்த்த இணைப்பா, ஆணி அடித்து ஒப்பேற்றியதா என்று பாருங்கள். புது வார்னிஷ் வாசனை தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் வேம்பிலோ பூவரசிலோ ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம். ஒரே நிபந்தனை, மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் அவசரமாகச் செய்தால் ஒரு கோடைக்குள் முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாது. கிரகப்பிரவேசத் தேதிக்கு முந்தின மாதம் ஆசாரியைத் தேடுகிறவர்கள் ஷோரூமுக்கே போவது நல்லது.

ஒரே ஒரு இறக்குமதிக்கு மட்டும் நான் தடை சொல்ல மாட்டேன். சமையலறை அலமாரிக் கீல். தினமும் நாற்பது தடவை திறந்து மூடுகிற இடத்தில் மலிவு கீல் போட்டுவிட்டு, தொங்கும் கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜமக்காளத்தில் மிச்சம் பிடித்த காசை அங்கே போடுங்கள்.